பக்கத்து வீட்டின் நீலக் கதவு

என் பெயர் நெவில் ஸ்பென்ஸ்லி. வயது அறுபத்து மூன்று. கெட்டரிங் நகரத்தில் ஆல்டர் தெரு பதினேழாம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்துக்குள்ளும் போனதில்லை. ஒரே ஒரு முறை, பேருந்தில் யாரோ விட்டுப்போன செயற்கைப் பல்வரிசையை ஒப்படைக்கப் போயிருக்கிறேன்.

நார்ஃபோக் கடற்கரையில் தோர்ன்ஹோ கிராமத்தில் இருக்கும் திருமதி டாஃப்னி லார்வுட்டின் வீட்டுக்குள், அவர் இல்லாத நேரத்தில் நான் நுழைந்து தங்கியதாக, அவருடைய கணவரின் அண்ணன் மகன் டெரன்ஸ் லார்வுட் புகார் கொடுத்திருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது. அது பற்றி யாருடைய கட்டாயமும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டார்கள். தேநீர் போதும் என்றேன்.

என்னுடன் வந்த கிளெண்டா மோஸ் என்பவரை எனக்கு ஒன்பது வருடங்களாகத் தெரியும். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். நான் ஓட்டிய வண்டியில் தினமும் காலையில் ஏறுவார். ஏறும்போது "இன்னிக்கும் லேட்டு" என்பார். வண்டி சரியான நேரத்துக்கு வந்த நாட்களிலும் அதையே சொல்வார். என் மனைவி போலின் இறந்த வாரத்தில் மட்டும் ஒன்றும் சொல்லாமல், பயணச்சீட்டு எடுக்கும் இடத்தில் ஒரு பழ ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அதன் பிறகு பல வருடங்கள் அப்படியே போயின. நான் ஓய்வு பெற்ற நாளன்று இறங்கும்போது, "இனிமே யாரை நான் திட்டறது?" என்று கேட்டார். அதன் பிறகு நாங்கள் சனிக்கிழமைகளில் சேர்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கினோம்.

ஊர்விட்டு ஊர் வந்து இருவரும் தங்குவது இதுவே முதல் தடவை. தோழி ஒருத்தியுடன் போவதாகத் தன் மகளிடம் கிளெண்டா சொல்லியிருந்தார். இது வழக்குக்குத் தேவையா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி கேட்டார். தேவைதான் என்றேன். ஏனென்றால் எனக்குப் பதற்றமாக இருந்தது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன் பாதை தவறியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தோர்ன்ஹோ வந்து சேர்ந்தபோது கடலிலிருந்து மூடுபனி ஏறி ஊரையே மூடியிருந்தது. காருக்கு முன்னால் வேலி மட்டும் தெரிந்தது. நாங்கள் வாடகைக்குப் பதிவு செய்திருந்த காட்டேஜுக்கு வழி இதுதான்: சந்தின் கடைசியில் இடப்பக்க வீடு, கூழாங்கல் சுவர், நீலக் கதவு, கதவருகே பூந்தொட்டி, தொட்டிக்கு அடியில் சாவி. ஊருக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது. சந்து கடைசியில் இரண்டாகப் பிரிவது பனியில் எனக்குத் தெரியவில்லை. கிளெண்டாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"நெவில், இன்னொரு பாதை போச்சே?" என்றார்.

"அது வயலுக்குப் போற வழி" என்றேன், எதையும் பார்க்காமலே.

இறங்கிப் பார்த்தோம். கூழாங்கல் சுவர் இருந்தது. நீலக் கதவு இருந்தது. தொட்டியைத் தூக்கினால் சாவியும் இருந்தது. திறந்துகொண்டு போனோம். பூட்டை உடைக்கவில்லை, ஜன்னல் ஏறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே யாரோ வாழ்ந்த வீடு போல இருந்ததே, சந்தேகம் வரவில்லையா என்று அதிகாரி கேட்டார். வந்தது. மேசையில் மூக்குக்கண்ணாடி இருந்தது. சுவரில் ஒரு மீனவர் பெரிய மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. முன்னறையில் கீழேயே ஒரு சின்னக் கட்டில் போட்டு, போர்வை மடித்து வைத்திருந்தது. நான் கிளெண்டாவைப் பார்த்தேன்.

"இதுக்குத்தான் டவுன்காரங்க காசு கொடுக்கறாங்க" என்றார் அவர். "பழைய வீடு மாதிரியே ஜோடிச்சு வெச்சிருக்காங்க. அந்த செருப்பைப் பாரேன், கிழிசல் கூட நிஜம் மாதிரியே இருக்கு!"

சிறிது நேரத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை பின்கதவு வழியாக வந்து எங்களைத் தாண்டிப்போய்க் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தது. பூனையும் வாடகையில் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு நான் விறகு வைத்துக் கணப்பை மூட்டினேன். கொண்டுவந்த இறைச்சி அடைத்த ரொட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். பூனைக்கும் கொடுத்தோம். அதன் பிறகு மாடியறைக்குப் போனோம். அதற்கு மேல் அதிகாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையிலும் பனி விலகவில்லை. நாங்கள் கடலை மறித்துப் போட்டிருக்கும் மண்கரை மேல் நடக்கப் போனோம். கரைக்கு ஒரு பக்கம் சதுப்பு, மறுபக்கம் மாடு மேயும் புல். அந்தக் கரையில் வைத்து கிளெண்டாவிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று பல வாரங்களாக நினைத்திருந்தேன். என்ன விஷயம் என்று அதிகாரி கேட்டார். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்பதே. தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தேன். அப்போது வடக்கே இருந்து வரும் காட்டு வாத்துகள், பனிக்குள் எங்கள் தலைக்கு மேலேயே, கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு போயின. அவை போய் முடிய வெகு நேரம் ஆயிற்று.

"என்ன சொன்னே?" என்றார் கிளெண்டா.

"நிறைய வாத்துன்னேன்."

"அதான் தெரியுதே" என்று சொல்லிவிட்டு அவர் என் கோட்டுப் பைக்குள் தன் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நடந்து, ஒரு மீனவர் வீட்டு வாசலில் வேகவைத்த நண்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

வீட்டு வாசலில் நோயாளிகளைக் கொண்டுவந்து விடும் வண்டி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் ஒரு வயதான அம்மாளை வாக்கரைப் பிடிக்க வைத்து நிறுத்திவிட்டு, பையை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்கதானே வீட்டுல இருக்கப் போறவங்க?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அது அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த உண்மை. "இடுப்பு ஆபரேஷன். மாத்திரை பையில இருக்கு. குனிய விடாதீங்க, நாற்காலி உயரமா இருக்கட்டும்" என்று சொல்லி, என்னிடம் பையைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த அம்மாள்தான் திருமதி லார்வுட். அவர் முதலில் புகைபோக்கியிலிருந்து வந்த புகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வாசல் கால்மிதியில் கிளெண்டா கழற்றி வைத்த சேறு படிந்த பூட்ஸைப் பார்த்தார். அதன் பிறகு உள்ளே போய், "கதவைச் சாத்து பையா, சூடெல்லாம் வெளியே போகுது" என்றார். நார்ஃபோக்கில் எந்த வயது ஆணையும் பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அது பிடித்திருந்தது.

கிளெண்டா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்காரம்மாவும் வாடகையோட சேர்த்தியா?"

"நான் முழுசாப் படிக்கல."

"ரெண்டு பேர் மட்டும் தனியா இருக்கலாம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தே?"

"பெரிய ஆபரேஷன் ஆயிருக்கு கிளெண்டா. வெளியே போங்கன்னா சொல்ல முடியும்?"

கிளெண்டா கதவிடுக்கு வழியாக முன்னறையைப் பார்த்தார். அந்த அம்மாள் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கணப்பின் பக்கம் நீட்டியிருந்தார். பூனை அவர் மடியில் ஏறியிருந்தது. கிளெண்டா தலையணை ஒன்றை எடுத்துப்போய் நாற்காலியை உயரமாக்கினார். அதன் பிறகு இந்த விஷயத்தை நாங்கள் பேசவில்லை.

அன்று மாலை மூவரும் நண்டு சாப்பிட்டோம். நான் நண்டின் ஓட்டை உடைத்த விதத்தைப் பார்த்துத் திருமதி லார்வுட் சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உன்னை நம்பி எப்படிப் பையா பஸ்ஸைக் கொடுத்தாங்க?" என்றார். அதன் பிறகு சீட்டாடினோம். அவர் சீட்டில் ஏமாற்றுகிறார் என்பதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கிளெண்டா கண்டுபிடித்துக் கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியில கஞ்சியைக் குடிச்சிட்டு வந்தவகிட்ட இப்படியா பேசுவே?" என்றார். சுவரில் இருந்த மீனவர் அவருடைய கணவர் எர்னி. படகுக்கு அடித்த நீல வண்ணத்தில் மிச்சம் இருந்ததைக் கொண்டு இந்தக் கதவுக்கு அடித்ததாகவும், அதிலும் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக் கதவுக்கு அடித்துக் கொடுத்ததாகவும் சொன்னார். பக்கத்து வீடு என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. எனக்கு நல்ல சீட்டு வந்திருந்தது.

ஆட்டத்துக்கு நடுவில் அவர் கேட்டார்: "உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க" என்றேன்.

"ஏன்?"

"பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"அதான் இப்ப நின்னுடுச்சே" என்றார். கிளெண்டா தன் சீட்டுகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை யாரும் தனக்குத் தலை அலசிவிடவில்லை என்று திருமதி லார்வுட் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார். கிளெண்டா உடனே தண்ணீர் காயவைத்து, சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டை மடித்து வைத்து, அவர் தலையைப் பின்னால் சாய்த்து வெந்நீரை மெல்ல ஊற்றினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருமதி லார்வுட்டின் கண்ணோரத்திலிருந்து காதுப்பக்கம் நீர் வழிந்தது. "சோப்பு கண்ணுல பட்டுடுச்சு" என்றார். கிளெண்டா அப்போது சோப்பை இன்னும் கையில் எடுக்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு எடுத்தார்.

எனக்கு அங்கே வேலை இல்லாததால், ஏணியை எடுத்துப்போய்க் கூரை ஓரத்து மழைநீர்த் தூம்பில் அடைத்திருந்த இலைகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் டெரன்ஸ் லார்வுட். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"யார் நீங்க?" என்றார்.

"இந்த வீட்டை எடுத்திருக்கோம்" என்றேன்.

"எடுத்திருக்கீங்களா?"

"ஆமா, திங்கக்கிழமை வரைக்கும்."

அவர் முகம் வெளுத்தது. உள்ளே ஓடிப்போய், தலையில் நுரையோடு தன் சித்தி கண்மூடிச் சாய்ந்திருப்பதையும், தெரியாத ஒரு பெண் அவர் கழுத்தில் கை வைத்திருப்பதையும் பார்த்தார். திங்கட்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்திருக்கிறார்கள். அவர் அந்த வீட்டைக் காற்றாட விட்டு வைக்கலாம் என்றுதான் அன்று வந்திருக்கிறார். அவர் எங்களை என்னவென்று நினைத்தார் என்பதற்கு நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவை அப்படிப் பார்த்திருந்தால் நானும் அதையே நினைத்திருப்பேன். அவர் வெளியே வந்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குக் காரை ஓட்டிப்போய்ப் போலீசுக்குச் சொன்னார்.

காவலர் ஃபில்பி வந்தார். நான் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த பதிவுச் சீட்டைக் காட்டினேன். அவர் அதைப் படித்தார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பனி முழுக்க விலகியிருந்தது. முப்பதடி தூரத்தில் அதே கூழாங்கல் சுவர், அதே நீலக் கதவு, ஒரு பூந்தொட்டி. அவர் வேலியைச் சுற்றிப் போய், அந்தத் தொட்டியைத் தூக்கி, ஒரு சாவியை எடுத்து எங்களுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. கிளெண்டா என்னைப் பார்த்து, "வயலுக்குப் போற வழி" என்றார்.

டெரன்ஸ் லார்வுட் விடவில்லை. "முதல் நாள் தப்பா வந்தாங்க, சரி. சித்தி வந்தப்புறம் ஏன் போகல? எண்பத்தஞ்சு வயசு ஆகுது அவங்களுக்கு. மருந்து மயக்கம். யார் என்னன்னு புரியாதவங்களை ஏமாத்தியிருக்காங்க" என்றார்.

அப்போது திருமதி லார்வுட் தலையில் துண்டோடு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"யாருக்குடா புரியல? புகையைப் பார்த்ததுமே புரிஞ்சுது எனக்கு. பக்கத்து வீட்டுக்கு லீவுல வர்றவங்க எத்தனை பேர் என் கதவை ஆட்டியிருக்காங்க தெரியுமா? எல்லாரையும் அந்தப் பக்கம் போங்கன்னு விரட்டியிருக்கேன்."

"அப்ப இவங்களை ஏன் சித்தி சொல்லி அனுப்பல?"

அவர் வாக்கரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொன்னா போயிடுவாங்க" என்றார். "வண்டியில வர்ற வழி பூரா, போனதும் கணப்பை யார் மூட்டுவா, குனியக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களேன்னு அதையேதான் நெனைச்சுக்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா புகை போகுது. நான் ஏன்டா வாயைத் திறக்கணும்?"

டெரன்ஸ் லார்வுட் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தான் நாரிச் நகரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருவதாகவும், சித்தி மறுபடி விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று தூக்கமே இல்லை என்றும், அதனால்தான் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்ததாகவும், யாரிடம் என்றில்லாமல் சொன்னார். திருமதி லார்வுட் வாக்கரை நகர்த்தி அவர் பக்கத்தில் வந்து, அவர் தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டார். அது நான் தூம்பிலிருந்து வீசிய இலை. "அழாதடா, மூக்கு ஒழுகும். பேசிக்கலாம்" என்றார்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக டெரன்ஸ் லார்வுட் அப்போதே சொன்னார். ஆனால் ஏற்கெனவே பதிவாகிவிட்டதால் எங்கள் இருவரின் வாக்குமூலம் வேண்டும் என்று காவலர் ஃபில்பி சொல்லி விவரம் எழுதத் தொடங்கினார். என் பெயரை எழுதினார். கிளெண்டாவின் பெயரை எழுதினார். "இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

தோழி என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க" என்று வந்துவிட்டது.

"யாரு, நானா?" என்றார் கிளெண்டா. அவர் கையில் இன்னும் சோப்பு நுரை இருந்தது. "சார், எழுதாதீங்க. இவர் என்கிட்ட இன்னும் கேக்கவே இல்ல."

காவலர் ஃபில்பி பேனாவை நிறுத்தினார். நான் கேட்க முயன்றதையும் வாத்துகளையும் சொன்னேன். திருமதி லார்வுட் வலிக்கிறது வலிக்கிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் என்னையே பார்த்ததால் அங்கே என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.

அதன் பிறகு எங்களைக் காவல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. கடற்கரைச் சாலையில் வெயில் அடித்தது; சதுப்பு முழுக்கத் தண்ணீர் ஏறி மின்னியது. கிளெண்டா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, "இங்கே வாத்து இல்ல" என்றார். அப்போது கேட்டேன். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லும்படி அதிகாரி கேட்டார். அவை சரியாக எனக்கு நினைவில்லை. போலினைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கிளெண்டா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சரி. ஆனா முதல்ல என் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லணும். போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்தே கூப்பிடலாம், அப்பதான் மத்ததெல்லாம் அவளுக்குச் சின்ன விஷயமாத் தெரியும்" என்றார்.

அவர் 'சரி' என்று சொன்னதை வண்டி ஓட்டிய காவலர் ஃபில்பியும் கேட்டார். கேட்டதற்கு அடையாளமாக வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். தேவைப்பட்டால் அவரைச் சாட்சியாக விசாரித்துக்கொள்ளலாம். கிளெண்டா இப்போது பக்கத்து அறையில் மகளிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். சுவர் வழியாக அவர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆகவே இந்த வாக்குமூலத்தைச் சீக்கிரம் முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
நெவில் ஸ்பென்ஸ்லி